அதே தட்டு திரும்பி வர வேண்டும்

என் மனைவிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது எனக்கு மாரடைப்பு வந்தது. வந்தது மாரடைப்பு என்று அப்போது தெரியாது. இடது தாடையில் ஒரு இழுப்பு, முதுகில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம், பிறகு சட்டை நனைகிற அளவுக்குக் குளிர்ந்த வியர்வை. முதல் நாள் சாப்பிட்ட சுண்டல் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். பின்னலைப் பாதியில் விட்டால் வசந்தா எழுந்து போய்விடுவாள், பிறகு அன்று முழுக்கத் தலைவிரி கோலம்தான். அதனால் பின்னி முடித்து ரிப்பனும் கட்டினேன். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இதற்காக என்னைத் திட்டினார். வலி தொடங்கி இவ்வளவு நேரம் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் ஆள் இல்லை என்றேன். மனைவி இருப்பதாகச் சொன்னீர்களே என்றார். மனைவி இருக்கிறாள் சார், ஆள்தான் இல்லை என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மேலே கேட்கவில்லை.

என்னைப் போல வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிவுரை சொல்வது எனக்குப் பிடிக்காது, கேட்பதும் பிடிக்காது. நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆம்பூர். நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வசந்தா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். கடைசியில் ஃபைனல் செக்கிங் மேஜைக்குச் சூப்பர்வைசர். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவைக் கையில் எடுத்து, முனை, குதிகால், அடிப்பாகம் என்று திருப்பிப் பார்த்து, நல்லதென்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சரிசெய்து திரும்பி வருவதற்கு ரீவொர்க் என்று பேர். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் இந்தச் சொற்கள் தெரியும், பாதி ஊர் அதில்தான் சாப்பிடுகிறது.

அவளுக்கு மறதி வந்த கதை எல்லா வீட்டுக் கதையும் போலத்தான். கேஸை அணைக்க மறந்தாள், பஸ் ஸ்டாண்டில் இருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தாள், ஒருநாள் என் பேரை மறந்தாள். தைராய்டுக்கும் வைட்டமினுக்கும் ரத்தம் எடுத்தார்கள், ஏனென்றால் அவை குறைந்தாலும் மறதி வருமாம். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், முதலமைச்சர் யார் என்று கேட்டார்கள். ஒரு வட்டம் போட்டு அதில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வசந்தா எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்துவிட்டு, வேலையை முடித்த திருப்தியோடு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். டிமென்ஷியா என்றார்கள். அது வெறும் மறதி இல்லை. மூளையில் இருக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்துவதால் நினைவு, பேச்சு, அன்றாடப் பழக்கம் என்று ஒவ்வொன்றாகப் போகும். புதியது முதலில் போகும், பழையது கடைசி வரை நிற்கும் என்று டாக்டர் விளக்கினார்.

பழையது என்றால் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். நின்றது ஷூ கம்பெனி.

இப்போது அவளுக்கு எங்கள் வீட்டு ஹால்தான் செக்கிங் மேஜை. என்னைத் தம்பி என்று கூப்பிடுவாள். மேஜைக்குப் பொருள் கொண்டுவரும் ஹெல்பர் நான். தட்டில் இட்லி வைத்தால் உடனே சாப்பிட மாட்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, குறை இருக்கிற இட்லியின் பக்கத்தில் தட்டு விளிம்பில் ஒட்டிவிட்டு, "ரிஜெக்ட்" என்று தட்டைத் தள்ளுவாள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். ஒருநாள் கோபத்தில் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கே போய் என்ன செய்ய? கொஞ்ச நேரம் நின்றேன். பொட்டை எடுத்துக் குழாயில் ஒட்டினேன். அதே தட்டோடு திரும்பி வந்து, நக்கலாக, "ரீவொர்க் ஆயிடுச்சி மேடம்" என்றேன். அவள் மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். "பாஸ்" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு இப்படித்தான். எங்கள் குழாய் முழுக்கப் பொட்டு. ஊருக்கு இது தெரியாது, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. புருஷன் பொண்டாட்டி சாப்பிடுவதைப் போய் யார் யாரிடம் சொல்வார்கள்?

நான் முன்யோசனை இல்லாதவன் இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வசந்தாவின் டாக்டர் ஒருமுறை கேட்டார். கேட்ட விதம் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏற்பாடு செய்தேன். நெமிலியில் இருக்கும் வசந்தாவின் தங்கை மல்லிகாவிடம் பேசி வைத்தேன். எந்த மாத்திரை எப்போது, வெளிக்கதவுச் சாவி எங்கே, பாத்ரூமில் எந்த வாளி, ராத்திரி எந்த விளக்கை அணைக்கக் கூடாது, எல்லாம் சொல்லியிருந்தேன். எங்கள் துறையில் ஒரு சப் ஸ்டேஷன் படுத்தால் பக்கத்து சப் ஸ்டேஷனிலிருந்து கரண்ட் கொடுக்க ஒரு மாற்று வழி வைத்திருப்போம். மல்லிகா எனக்கு அந்த மாற்று வழி. ஆனால் மழைக்காலத்துக்கு முன்னால் அந்த ஸ்விட்சை ஒருமுறையாவது போட்டுப் பார்ப்போம். இல்லாவிட்டால் வேண்டிய நாளில் துருப்பிடித்து நிற்கும். கம்பிக்குச் செய்ததை வீட்டுக்கு நான் செய்யவில்லை.

தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் பக்கத்து வீட்டு ரஹ்மத் பாய்க்குப் போன் செய்தேன். பாய் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறவர். என் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் காரை வரவழைத்தார். அவர் மனைவி நஸீமா வசந்தாவோடு இருந்துகொள்வதாகச் சொன்னார், மல்லிகாவுக்கும் போன் போனது. என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோகும்போது வசந்தா நாற்காலியில் இருந்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி, யார கேட்டு லீவு போட்ட?"

"உடம்பு சரியில்ல மேடம்" என்றேன்.

"சொல்லிட்டு போவணும்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் வாழ்ந்ததற்கு அன்று எனக்குக் கிடைத்த வழியனுப்பு அது. காரில் பாய் என் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார். வலியை விட அந்தக் கை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, ஏனென்றால் என்னை யாரும் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தது. முதலில் இ.சி.ஜி. நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயம் துடிப்பதைக் கோடாக வரைந்து பார்ப்பது. கோட்டைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து ஆஞ்சியோகிராம். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய டியூபை இதயம் வரை விட்டு, மருந்தைச் செலுத்திப் படம் பார்க்கிறார்கள். உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய் ஒன்றில் எனக்கு அடைப்பு. அந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி சின்ன வலைக்குழாய், அடைப்பைத் தள்ளி வழியைத் திறந்து வைத்துக்கொள்ளும். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் என் இதயம் தெரிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நினைப்பு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்பது.

அப்போதுதான் பயம் பிடித்தது. மாத்திரை, சாவி, வாளி, விளக்கு, எல்லாம் மல்லிகாவிடம் சொன்னேன். தட்டைப் பற்றிச் சொன்னேனா? சொல்லவில்லை. சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டால் வசந்தாவுக்குச் சர்க்கரை இறங்கும், தலை சுற்றும். ஒருமுறை அப்படி விழுந்து இடுப்பில் அடிபட்டு, அதற்குப் பிறகுதான் இந்த அளவுக்கு மோசமானாள். இன்னொருமுறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் போன் கிடையாது. ஜன்னலும் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பாதி நோயாளிகள் வங்காளத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறவர்கள். என் வலப்பக்கம் ஒரு வங்காளப் பெரியவர், இடப்பக்கம் ஜார்கண்டிலிருந்து வந்த ஒருவர். பார்வையாளர் நேரத்தில் பெரியவரைச் சுற்றிக் குடும்பமே நிற்கும். ரயிலில் இரண்டு ராத்திரி வந்த ஜனம். ஒரு பெண் அவர் காலைப் பிடித்துவிடுவாள், ஒருவன் தலையைக் கோதுவான். பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிற எனக்குத் தமிழில் பேச ஆள் இல்லை. அந்தப் பெரியவர் என் நிலைமையைப் பார்த்துத் தன் வீட்டாரிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் வந்து என் போர்வையை இழுத்து விட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பாய் வந்தார். முன்பணத்தைத் தானே கட்டியிருக்கிறார், அதைப் பற்றிக் கேட்டால் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று வாயை அடைத்துவிட்டார். மல்லிகா வந்துவிட்டதாகச் சொன்னார். நான் கேட்டது ஒன்றுதான், வசந்தா சாப்பிட்டாளா?

"ஹாங், சாப்ட்டாங்கண்ணா. நல்லா சாப்ட்டாங்க."

"தட்டுல பொட்டு ஒட்டினாளா?"

பாய் விழித்தார். இதய நோயாளியிடம் நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாய்க்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். காது சிவந்தது. நான் விளக்க வாயைத் திறந்தேன், நேரம் முடிந்தது என்று செக்யூரிட்டி வந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார். பாய் போகும்போது, பேஜார் பண்ணிக்காதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பேஜார் பண்ணிக்கொள்ளாமல் என்ன செய்வது?

அப்போது பணியில் இருந்த நர்ஸை அழைத்தேன். வீட்டுக்கு ஒரு போன் செய்யச் சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். தட்டில் பொட்டு ஒட்டினால் எடுத்துக்கொண்டு போக வேண்டும், பொட்டைக் குழாயில் ஒட்டிவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், மேடம் என்று கூப்பிட வேண்டும் என்றேன். பேசப் பேசவே அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். சரி ஐயா, சொல்கிறேன், நீங்கள் படுங்கள் என்று குழந்தையிடம் பேசும் குரலில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் டாக்டரோடு வந்தார். வயதானவர்களுக்கு இந்தப் பிரிவில் தூக்கம் கெட்டு, இடம் மாறி, திடீரென்று மனம் குழம்புவது உண்டாம். எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

டாக்டர் அன்பாகத்தான் கேட்டார். இது எந்த ஊர்? வேலூர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில். முதலமைச்சர் யார்? சொன்னேன். இன்று என்ன கிழமை?

எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. புதன் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். வசந்தாவிடம் இதே கேள்விகளைக் கேட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லேன், தெரியுமே உனக்கு, சொல்லேன் என்று அவள் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அன்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லச் சொல்லி இடிக்கிறானே இந்த ஆள் என்ற பார்வை அது. எனக்குத் தூங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கிவிட்டு, இனி நான் எது சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை. கம்பத்தின் உச்சியில், மழையில், கீழே யாரும் இல்லாமல் நின்றிருக்கிறேன். அப்போதுகூட இப்படி இல்லை.

காலையில் வேறு நர்ஸ். அவர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது நான் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்டால் இன்னொரு மாத்திரை கொடுப்பார்கள். ஆனாலும் கேட்டேன். இந்த முறை பொட்டைப் பற்றிப் பேசாமல், என் மனைவி ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தவள் என்பதில் இருந்து ஆரம்பித்தேன். ரிஜெக்ட் என்று சொன்னதும் அவர் என் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றுவதை நிறுத்தினார். அவருடைய அம்மா ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில்தான் இருக்கிறாராம்.

"அப்ப அதே பீஸ்தான் ரீவொர்க்காகி வரணும். புதுசு வெச்சா பாக்க மாட்டாங்க, இல்லயா?" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குக் கடவுள் வெள்ளை உடுப்பில் வந்தார் என்று சொன்னால் மிகை இல்லை. விதியை மீறக் கூடாது என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, தன் போனிலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார்.

மல்லிகா எடுத்ததும் அழுதாள். முந்தின நாள் முழுக்க வசந்தா பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் பாலும் தவிர எதுவும் சாப்பிடவில்லை. மல்லிகா நெமிலிக்காரி, நிலத்தில் வேலை செய்து பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டவள். தட்டைத் தள்ளினால் ருசி பிடிக்கவில்லை என்றுதான் அந்த ஊரில் அர்த்தம். இட்லியைத் தள்ளினால் தோசை, தோசையைத் தள்ளினால் உப்புமா, அதையும் தள்ளினால் கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. ஒவ்வொன்றும் வசந்தாவுக்குப் புதிய பீஸ். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சோதித்து, பொட்டு ஒட்டி, ரிஜெக்ட். பாவம், அவளுக்கும் வேலை ஓயவில்லை.

அதோடு போகவில்லை. தட்டில் பொட்டைப் பார்த்த மல்லிகா, அக்கா சாமிக்குப் படைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். உடனே தட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் ஏற்றி, சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டு, பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். பாலிஷ் போட்ட தோலுக்குப் பக்கத்தில் நெருப்பா? வசந்தா எழுந்து நின்று கத்தியிருக்கிறாள். மல்லிகா பயந்துபோய் நஸீமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். இதைக் கேட்டு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் நெஞ்சு வலித்தது.

நான் சொல்லிக் கொடுத்தேன். தள்ளுகிற தட்டை எடு. சமையலறைக்குப் போ. பொட்டைக் கழற்று. கொஞ்ச நேரம் நில், உடனே வராதே, உடனே வந்தால் நம்ப மாட்டாள். அதே தட்டைக் கொண்டுவா. ரீவொர்க் ஆயிடுச்சி மேடம் என்று சொல். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"மேடம்னா கூப்புடணும் மாமா?" என்றாள்.

ஆமாம் என்றேன். போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். தட்டு நகரும் சத்தம் கேட்டது. ரிஜெக்ட் என்று வசந்தாவின் குரல், மெலிந்து, ஆனால் அதே கறார். கால் சத்தம் போனது. நானும் நர்ஸும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கால் சத்தம் திரும்பி வந்தது. மல்லிகா அந்தச் சொல்லைச் சொன்னாள். கூடப் பிறந்தவளை, தன்னைத் தூக்கி வளர்த்தவளை, மேடம் என்று கூப்பிட்டாள். அவள் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. கடைசியில் மல்லிகா போனை எடுத்து, சாப்புடுது மாமா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நர்ஸ் என் ரத்த அழுத்தத்தை மறுபடி பார்த்தார். இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி நாட்கள் சுலபமாகவே போயின. சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை, இதயத்தை நிதானமாக ஓட வைக்க ஒரு மாத்திரை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் அந்த முதல் மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது என்று ஒவ்வொருவரும் வந்து சொன்னார்கள். பாரம் தூக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு மாத்திரை இல்லையா என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் பாய் என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை மாதிரி போகணும்ணா என்று தானே பொத்தான் போட்டுவிட்டார். அந்த அன்புதான் எனக்கு வினையாகப் போனது. வீட்டு வாசலில் நான் நுழைந்ததும் வசந்தா சட்டென்று எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"குட் மார்னிங் சார்" என்றாள்.

பிறகு மல்லிகாவிடம் தணிந்த குரலில், "பையர் வந்துருக்காரு. மேஜைய சுத்தம் பண்ணு" என்றாள்.

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஷூ வாங்க வருகிறவருக்குப் பேர்தான் பையர். அவர் வருகிற நாளில் கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது, மறுநாள் வேறு சட்டை போட்டும் அது போகவில்லை. பையர் கையால் சூப்பர்வைசர் சாப்பிடுவாளா? நான் தட்டை எடுத்தால் பதறி வாங்கிவிடுவாள். நான் உட்கார்ந்திருந்தால் அவள் உட்கார மாட்டாள், கால் வலித்தாலும் நிற்பாள். அதனால் அவள் சாப்பிடும் நேரத்தில் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். என் வீட்டில், என் மனைவி என்னைப் பார்த்துப் பயப்படாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக நான் ஒளிந்துகொண்டேன். ஹெல்பராகவாவது இருந்தேன், அதுவும் போயிற்று. இதைச் சொல்லி அழ எனக்கு யாருமில்லை. மல்லிகாவிடம் சொன்னால் அவள் இன்னும் அழுவாள்.

ஆனால் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் வேலையை இந்தமுறை விடவில்லை. மல்லிகா இருக்கும்போதே நஸீமாவுக்கும் தட்டைப் பழக்கினோம். வாரத்தில் ஒருநாள் அவர்தான் மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறார், நான் வீட்டில் இருக்கக் கூடாது. நீங்க இருந்தா நடுவுல வந்து சொல்லிக் குடுப்பீங்க, வெளிய போங்க என்று துரத்திவிட்டார். அவர் சொன்னது நிஜம்தான். மல்லிகா ஊருக்குத் திரும்பிய பிறகும் மாதத்தில் ஒருமுறை வந்து, நான் இல்லாமல், ஒருநாள் முழுக்கப் பார்த்துக்கொள்வாள். முதல் தடவை எங்கே போவது என்று தெரியாமல் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் பஸ் ஏறினேன். சாமியிடம் கேட்க ஒன்றும் இல்லை. மண்டபத்தில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மாத்திரையை மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் அசட்டுத்தனமான விளையாட்டு எதுவோ, அதை முதலில் சொல்லிக் கொடுங்கள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தால், சொல்ல வேண்டியது அதுதான்.

நான் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் நெமிலியில் அறுவடை வந்தது. மல்லிகா போகத்தான் வேண்டும். அவள் போன அன்று காலை நான் வெள்ளைச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஏணி ஏறிய காலத்துப் பழைய காக்கி டவுசரையும் கிழிந்த பனியனையும் போட்டுக்கொண்டேன். முகத்தைக்கூட மழிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். இப்போதும் என்னைப் பையர் என்றே நினைத்தால், தினமும் அவளுக்குச் சாப்பாடு கொடுக்க யாரைத் தேடுவது?

வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுசா சேந்தியா?"

"ஆமா மேடம்."

"எந்த ஊரு?"

"ஆம்பூர்தான் மேடம்."

தலையை ஆட்டிக்கொண்டாள். புதிதாகச் சேருகிறவர்களிடம் எல்லாச் சூப்பர்வைசரும் கேட்பதையே அவளும் கேட்டாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சி மேடம்."

"பொண்டாட்டி இன்னா பண்ணுது?"

தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஷூ கம்பெனில மேடம். செக்கிங்ல இருக்கா."

வசந்தாவின் முகம் இளகியது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவருக்காக வருத்தப்படுகிற முகத்தை அவளிடம் பார்த்தேன்.

"பாவம். நாள் முச்சூடும் நின்னுகினே இருக்கணும், கால் விட்டுப்போயிடும். வூட்டுக்கு வந்து அது எப்படி அடுப்பு மூட்டும்? நீதான் சோறு ஆக்கி வெக்கணும்."

"ஆக்கி வெச்சிட்டுதான் வந்தேன் மேடம்" என்று தட்டை நீட்டினேன்.